பல்லியம் கேட்ட பருவம்

மார்கழி பிறந்தால் சென்னைச் சபைகளின் இசைவிழாவைப் பற்றி எழுதுவோர் பலர். அவர்கட்கு அரங்கம் உண்டு, நாற்காலி உண்டு, அச்சிட்ட நிகழ்ச்சி நிரல் உண்டு, இடைவேளையிற் சிற்றுண்டியும் உண்டு. பாட்டைப் பற்றி நான்கு வரியும் அடையைப் பற்றி எட்டு வரியும் எழுதுவோரையும் கண்டிருக்கின்றேன். யான் ஈண்டு எழுதப் புகுவது அப்பருவத்தைப் பற்றியன்று. சேலத்தை அடுத்த இளம்பிள்ளை என்னும் எங்களூரிலும் அதன் சுற்றுப்புறத்தும், 2025ஆம் ஆண்டு ஆடி முதல் ஆவணி ஈறாக யான் நின்றுகொண்டு கேட்ட பல்லியங்களைப் பற்றியே எழுதுகின்றேன். நின்றுகொண்டு என்றதை நண்பர்கள் குறித்துக்கொள்க. பின்னர் அதனிடத்து மீண்டும் வருவேன்.

இளம்பிள்ளை என்னும் பெயரைச் சேலைக் கடைகளின் பலகைகளிற் பலரும் கண்டிருத்தல் கூடும். கஞ்சமலைக்கு அணித்தாயுள்ள நெசவூர் அது. தெருவுக்குத் தெரு தறி. வீட்டுக்கு வீடு பாவும் ஊடையும். பிறந்த நாள் தொட்டுத் தறியோசையிலே வளர்ந்த செவி எங்களுடையது. பாட்டனார் காலத்துக் குழித்தறிக்காவது இடையிடையே ஓய்வு இருந்தது. இழை அறுந்தால் நிற்கும், வெற்றிலை போடும்போது நிற்கும். விசைத்தறியோ மின்சாரம் நின்றாலன்றிப் பெரிதும் ஓய்வதில்லை. அவ்வோசையினூடே உறங்கவும் படிக்கவும் சண்டையிடவும் பழகிய எமக்கு, கேட்டல் என்பது தனியே செய்யத்தக்க ஒரு செயல் என்பதே தோன்றியதில்லை. இதனை முன்னரே சொல்லிவைப்பது நேர்மை. ஏனெனில் இசையறிவுடையான் ஒருவன் எழுதும் கட்டுரையன்று இது.

அங்ஙனமாயின் இவ்வெண்ணம் யாங்ஙனம் எழுந்ததெனின், கூறுவேன். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் நாள் இலண்டன் மாநகரத்து ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில், இளையராஜா அவர்கள் இயற்றிய ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனியை இராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் இசைத்தனர். அச்செய்தி வந்த இரவு நம் விடுதியில் உறங்கியவர் சிலரே. “தமிழனுக்கும் ஆர்க்கெஸ்ட்ரா வந்துவிட்டது” என்று நண்பரொருவர் உணவுக்கூடத்து மேசையைத் தட்டினார். யானும் உடன் தட்டினேன். அடுத்த வாரம் வகுப்பிற் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை வந்தது. மாதவி ஆடும்போது எக்கருவி எதனைப் பின்பற்றி நின்றது என்பதை இளங்கோவடிகள் முறைப்படுத்திக் காட்டுகின்றார். யாழுக்கு வழிகாட்டியாவது குழல். தண்ணுமை யாழை நோக்கி நடக்கின்றது. தண்ணுமைக்குப் பின்னே முழவு வருகின்றது. முழவோடு ஆமந்திரிகை சேர்ந்துகொள்கின்றது. பாடம் முடிந்தபின் ஆசிரியர் நூலை மூடிவைத்து, “ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தமிழ்ச்சொல் யாது?” என்று வினவினார். நாங்கள் ஆளுக்கொன்று படைத்துக் கூறினோம். அவர் நகைத்து, “படைக்கவேண்டியதில்லை, பல்லியம் என்று பழஞ்சொல் இருக்கின்றது” என்றார். நெடும்பல்லியத்தனார் என்றே சங்கப் புலவர் ஒருவர் பெயர் பெற்றிருக்கின்றார். புறநானூற்று 64ஆம் பாட்டு அவருடையது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைக் கண்டு பரிசில் பெற்று வருவோம், கருவிகளை எடுத்துக்கொண்டு புறப்படு என்று விறலியை அழைக்கும் பாட்டு அது. நெடும்பல்லியத்தை என்னும் பெயரோடு குறுந்தொகையிலும் ஒரு புலவர் உளர். மலைபடுகடாம் தொடங்குவதே கூத்தர் தம் இசைக்கருவிகளைச் சுமந்து மலைவழி நடக்கும் காட்சியோடுதான்.

எனக்கு நாணம் உண்டாயிற்று. தமிழை விருப்பப் பாடமாய் எடுத்துப் பயிலும் யான், என் முன்னோரிடத்திருந்த பொருளை இலண்டனிலிருந்து இறக்குமதியானதாக எண்ணி மேசையைத் தட்டியிருக்கின்றேன். இளையராஜா அவர்களின் வெற்றியைக் குறைத்துரைப்பது என் கருத்தன்று. அவ்வெற்றிக்கு இன்றும் மேசை தட்டுவேன். ஆயினும் எங்களூரிற் பல்லியம் ஒலிக்கும்போது யான் எங்கே இருந்தேன் என்ற வினா என்னை விட்டு அகலவில்லை. ஆடி மாதத்துச் சனி ஞாயிறுகளில் ஊருக்குச் சென்று, கிடைப்பதனைத்தையும் கேட்பது என்று துணிந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் மாரியம்மன் மாதம். சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவைத் தொடர்ந்து ஊர்தோறும் விழா நிகழும். முதற் சனிக்கிழமை மாலை எங்களூரை அடுத்த சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயில் முன்னே போய் நின்றேன். வேப்பமரத்திற் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி திரைப்பாட்டை முழக்கிக்கொண்டிருந்தது. அதன் நேர்கீழே மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தனர். வாசிக்கின்றனர் என்பதை அவர்தம் கன்னங்களையும் விரல்களையும் கண்டு அறிந்தேனேயன்றிக் காதால் அறிந்திலேன். பத்துப் பன்னிரண்டு அடி நெருங்கிச் சென்றபின்னரே நாயனம் கேட்டது. நெருங்கிச் சென்றபோது மற்றொன்றும் தெரிந்தது. நாயனம் வாசித்த முதியவர், சிறுவயதில் என் தலைமயிரைத் திருத்தியவர்.

எங்கள் பகுதியில் மேளம் வாசிப்போர் பலர் பகலில் முடிதிருத்தும் தொழிலும் செய்பவர். இஃது ஊரார் யாவரும் அறிந்ததே. யானும் அறிந்திருந்தேன், ஆயினும் அறிந்தவாறு யாது? கடையில் அவரைக் கண்டால், எழுபது வயதை எட்டிய அம்மனிதரை, என் வயதினர் யாவரும் அழைத்தது போலவே, ‘வா, போ’ என்று யானும் அழைத்திருக்கின்றேன். என் தந்தையார் வயதிற்கும் மூத்தவரை ஒருமையில் அழைக்கும் நா, வகுப்பறையில் நெடும்பல்லியத்தனாருக்கு ‘அவர்’ என்று பன்மை கொடுக்கின்றது. அன்று மாலை வாசிப்பு முடிந்தபின் அவரிடம் சென்று, “ஐயா, நல்லா இருந்துச்சுங்க” என்றேன். அவர் என்னை நோக்காது சீவாளியைத் துடைத்துக்கொண்டே, “உனக்கு எங்க தம்பி கேட்டுச்சு, மைக் செட்டுப் பாடுனதுதானே கேட்டிருக்கும்?” என்றார். அதுவே எங்கள் உரையாடலின் தொடக்கம்.

அடுத்த சில வாரங்களில் அவரிடமும் அவர் குழுவினரிடமும் யான் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன். நூலகத்தில் எளிதிற் கிடைப்பனவும் சில உளவெனினும், கையால் தொட்டுக் கற்றது வேறு. நாயனத்தின் உடல் ஆச்சா மரத்தாலானது. தஞ்சைப் பகுதியிலுள்ள நரசிங்கம்பேட்டை அதனைச் செய்வதிற் பெயர் பெற்ற ஊர். 2022ஆம் ஆண்டு அவ்வூர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தவில் பலாமரத்தைக் குடைந்து செய்வது; இடப்பக்கத்தைக் கழியாலும், வலப்பக்கத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் அடிப்பர். துணியைப் பசையிட்டு இறுக்கி உலர்த்திச் செய்யும் அக்கூடுகளைத் தவில்காரர் என் விரல்களில் மாட்டி ஒருமுறை தட்டச் சொன்னார். தட்டினேன், ஓசை வரவில்லை, விரல்தான் வலித்தது. முன்னாளில் ஒத்து என்னும் கருவி நாயனத்தின் உடன்நின்று ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருக்கும். பின்னர் சுருதிப்பெட்டி வந்தது; இக்குழுவினரிடம் இருப்பது மின்கலத்தால் இயங்கும் கையளவுப் பெட்டி. எல்லாவற்றிலும் சிறியது சீவாளி. அதுவே எல்லாவற்றுக்கும் தலைவன். வாசிக்குமுன் முதியவர் அதனை நாவில் நனைத்து, ஊதிப் பார்த்து, வேறொன்றை மாற்றி, மீண்டும் ஊதிப் பார்ப்பார். “இது பேசினாத்தான் குழல் பேசும்” என்பது அவர் வாக்கு.

ஐரோப்பியப் பல்லியத்தில் ஓபோ என்னும் துளைக்கருவி உண்டு. அதற்கும் நம் நாயனத்தைப் போலவே இரட்டை நாக்குடைய சீவாளிதான். அரங்கிற் குழுவினர் அமர்ந்தவுடன் ஓபோக்காரர் ஒரு சுரத்தை ஊத, வயலின் முதலிய யாவும் அச்சுரத்தை நோக்கித் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. இலண்டனின் நூறு பேரைத் தன் சொற்படி நடத்தும் கருவியின் உறவினன், எங்களூரில் வேப்பமரத்து ஒலிபெருக்கியின் கீழ் கேட்பாரின்றி நிற்கின்றான். இவ்வெண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

நிற்க. மூன்றாம் வாரம் நிகழ்ந்ததொன்றைச் சொல்லாது விடின் இக்கட்டுரை முழுமையாகாது. தாளம் போடும் பையன், முதியவருடைய பேரன், உணவருந்தச் சென்றிருந்தான். சாமி புறப்படும் நேரம் ஆகிவிட்டது. “தம்பி, சும்மாத்தானே நிக்கிறே, இதப் புடி” என்று தாளத்தை என் கையிற் கொடுத்துவிட்டார் முதியவர். ஆதி தாளம் எட்டெண்ணிக்கை என்பதைப் பாடநூலில் படித்தவன் யான்; எட்டுவரை எண்ணத் தெரியாதவனும் அல்லேன். மல்லாரி தொடங்கிற்று, சாமி புறப்பாட்டுக்கென்றே உரிய வாசிப்பு அது. தவில் மெல்லென நடந்து, விரைந்து, ஓடத் தொடங்கியபோது என் எட்டு ஆறாயிற்று, ஆறு ஏழாயிற்று. தவில்காரர் என்னைப் பார்த்த பார்வையைத் தேர்வறைக் கண்காணிப்பாளரிடத்தும் யான் கண்டதில்லை. ஆயினும் அவ்விரண்டு தெருக்களின் தூரத்தில், பல்லியம் என்பதன் பொருள் எனக்கு முதன்முதல் விளங்கிற்று. வெளியே நின்று கேட்டபோது நாயனம் பாடவும் தவில் முழங்கவும் கேட்டேன். உள்ளே நின்றபோதோ அவை ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டேன். நாயனம் ஒரு சொல்லை முடிக்காது விட்டால் தவில் அதனை எடுத்துக்கொள்ளும். தவில் அடங்கும் இடத்தை முன்னரே உணர்ந்து நாயனம் இடம்விடும். இளங்கோவடிகள் ஒவ்வொரு கருவியும் மற்றொன்றன் வழிநின்றதைக் கூறியது இதனையன்றோ! ஐரோப்பியர் இதனைத் தாளில் எழுதி, நடத்துநர் ஒருவரை முன் நிறுத்தி, நூறு பேருக்குப் பங்கிட்டனர். நம்மவர் எழுதாமலே, நான்கைந்து பேருக்குள், செவியால் நடத்துகின்றனர். எது உயர்ந்தது என்று யான் வழக்காட வரவில்லை. இரண்டும் கேட்பதையே அடிப்படையாகக் கொண்டவை.

அன்றிரவே செய்தி என் வீட்டுக்கு எட்டிவிட்டது. எங்கள் குடும்பம் கிறித்தவக் குடும்பம். யான் சபைப் பாடகர் குழுவில் உள்ளவன். அப்படிப்பட்டவன் அம்மன் புறப்பாட்டில் தாளம் போட்டான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “தாளமாவது தப்பாமப் போட்டியா?” என்றார். இல்லையென்று ஒப்புக்கொண்டேன். “தப்பாப் போட்டதுக்கா இத்தனை பேச்சு” என்று சொல்லி எழுந்துபோய்விட்டார். அவர் என்னை மன்னித்தாரா, வெறுத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

இவ்விடத்தில் நம் கல்லூரிக் கிறித்தவ நண்பர்கட்கு ஒரு வார்த்தை. யான் செய்தது முற்றும் சரியென்று வாதாடமாட்டேன். முதியவர் தம் தெய்வத்துக்காக வாசித்தார். யான் இசைக்காக நின்றேன். ஒருவர் வழிபாட்டை மற்றொருவர் கச்சேரியாகக் கேட்பதில் ஒரு குறை இருக்கத்தான் செய்கின்றது. அதனை அவரிடமே கேட்டுவிட்டேன். “நான் சாமிக்கு வாசிக்கிறேன். சாமி வேண்டாங்கலே, நீ கேளு” என்றார். ஆனால் இக்கருவிகளே நமக்கு ஆகாதன என்று சொல்வோரோடு யான் உடன்படேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மரபுவழிப் பண்களில் கீர்த்தனைகள் இயற்றியதோடு, குறவஞ்சி வடிவத்தையே எடுத்துப் பெத்தலேகம் குறவஞ்சி செய்தார். தமிழிசையை ஆராய்ந்து 1917ஆம் ஆண்டு ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் நம் சமயத்தவரே. நம் காலத்துக்கு அணித்தாக, மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005ஆம் ஆண்டு மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். இப்பெரியோர் திறந்த கதவை நாம் ஏன் சாத்துகின்றோம்?

பறை என்றதும் எழுதவேண்டியது இன்னும் உண்டு. ஆடித் திருவிழாவில் மேளம் ஒன்றே பல்லியமன்று. எங்கள் பக்கத்துக்குச் சிறப்பாயுரியது பம்பை. மரத்தாலொன்றும் வெண்கலத்தாலொன்றுமாக இரண்டு முழவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, இடுப்பின் முன்னே தொங்கவிட்டு அடிப்பர். பூங்கரகம் வரும்போது பம்பையும் உடுக்கையும் சேர்ந்தொலித்தால் உடம்பு தானே அசையும். அசையாதிருக்க முயன்று தோற்றேன். அவ்வூர்வலத்துக்கெல்லாம் முன்னே, வெகுதூரம் முன்னே, பறை செல்கின்றது. நெருப்பிற் காய்ச்சிய பறையின் ஓசையே ஊருக்கு விழா வருகின்றதென்று முதலில் அறிவிப்பது. ஆனால் அதனை அடித்தவர் நால்வரும் கோயில் வாயிலுக்குத் தொலைவிலேயே நின்றுவிட்டனர். ஏன் என்று யான் கேட்கவில்லை. கேட்கவேண்டாதபடி யாவருக்கும் விடை தெரிந்திருந்தது. கண்ணாடித் தம்ளரில் எல்லோருக்கும் தேநீர் வந்தபோது அவர்களுக்கு மட்டும் காகிதக் குவளையில் வந்தது. பல்லியத்தின் முதற் கருவி அது. அதன் இடம் கடைசியிலும் கடைசி. என் மதத்தார் இவ்விடத்திற் பெருமை பேசுதற்கில்லை. இறையியல் கல்லூரியில் ஒலித்த பறை எங்கள் சபையின் படியேறி இன்னும் உள்ளே வரவில்லை.

இனி ‘ஆர்க்கெஸ்ட்ரா’. எங்களூரில் இச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே: விழாவின் இறுதி இரவில் மேடை கட்டித் திரைப்பாட்டுப் பாடும் மெல்லிசைக் குழு. தமிழ் பயிலும் மாணவன் இதனை இகழ்ந்தெழுதுவான் என்று நண்பர் சிலர் எதிர்பார்க்கலாம். இகழமாட்டேன். அன்றிரவு மின்விசைப்பலகை வாசித்த இளைஞர் ஒருவரே, இரண்டு கைகளால், நாற்பது வயலின்களும் குழலும் எக்காளமும் செய்யவேண்டியதைச் செய்தார். ஒரு பாட்டினிடையே வரும் நீண்ட வயலின் பகுதியை ஒரு சுரமும் பிசகாமல் வாசித்துவிட்டு, கூட்டம் பாடகரைப் பார்த்துக் கைதட்டியபோது தாமும் பாடகரைப் பார்த்துப் புன்னகைத்தார். பாவலர் வரதராசனும் அவர் தம்பியரும் இத்தகைய ஊர்மேடைகளில் வாசித்துத் திரிந்தவர்களே. அத்தம்பியருள் ஒருவர்தாம் 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி 2025இல் இலண்டன் அரங்கு வரை சென்றார். ஆகவே மெல்லிசை மேடையை இகழ்வோர் சிம்பொனியைப் புகழ்வதற்கு உரிமையற்றவர். என் குறை பாட்டைப் பற்றியதன்று; ஓசையின் அளவைப் பற்றியது. ஆளுயரத்துக்குமேல் அடுக்கிய பெட்டிகளிலிருந்து வந்த ஓசை, காதுக்கன்றி நெஞ்செலும்புக்கு வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக் காலத்துக்குச் சில நாட்கள் நள்ளிரவு வரை தளர்வும் உண்டு. அவ்வூரில் தளர்வுக்கும் தளர்வு இருந்தது. மேளக்காரர்கள் அன்றிரவு மேடையின் பின்புறம், தவிலைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தனர். மறுநாள் விடியலில் அவர்கள் மீண்டும் வாசிக்கவேண்டும்.

ஆவணி பிறந்தது, திருமணங்கள் தொடங்கின. முதியவர் வாசிப்பதாயிருந்த ஒரு மண்டபத்துக்கு, மணவீட்டாரோடு உறவில்லாத யான், நல்லாடை அணிந்து துணிந்து சென்றேன். (உணவும் அருந்தினேன், மொய்யும் எழுதினேன், எவரும் ஐயுறவில்லை.) முதல்நாள் மாலை, கூட்டம் சேருமுன், அவர் ஓர் இராகத்தை எடுத்தார். ஒலிபெருக்கி இன்னும் உயிர்பெறவில்லை. மண்டபத்தில் நாற்காலி அடுக்குவோரும், கோலமிடும் பெண்மணி ஒருவரும், யானும் மட்டுமே. அது தோடி என்பதைப் பின்னர் அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு சுரத்தில் நெடுநேரம் நின்று, அதனைச் சுற்றிச் சுற்றி வந்து, மேலே ஏறாமல் ஏறப்போவதாகக் காட்டிக் காட்டி, இறுதியில் ஏறியபோது, கோலமிட்ட பெண்மணி கையிற் பொடியோடு அப்படியே நிமிர்ந்தார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். அப்பருவம் முழுவதிலும் யான் கேட்ட இசையுட் சிறந்தது அதுவே. அப்போது நிழற்படக்காரர் வந்து, “பெரியவரே, கொஞ்சம் நகருங்க, லைட் போடணும்” என்றார். இராகம் அந்த இடத்திலேயே நின்றது. முதியவர் நகர்ந்தார். பிறகு அவர் அதனைத் தொடரவில்லை. திரைப்பாட்டுக்கள் சில வாசித்தார். மறுநாள் காலை கெட்டிமேளம் முழங்கியபோது, வழக்கம்போல், தாலியைத் தவிர வேறெதனையும் எவரும் கவனிக்கவில்லை. அதிலே குற்றம் காண்பதற்கில்லை. அந்தத் தோடிக்குத்தான் என் நெஞ்சு ஆறவில்லை.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நாயனக்காரர் நின்றே வாசிக்கவேண்டும் என்னும் வழக்கத்தை எதிர்த்து, மேடையில் அமர்ந்து வாசிக்கும் மதிப்பைக் கேட்டுப் பெற்றவர் என்பர். அவர் மறைந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகின்றன. எங்களூர் முதியவர் இரண்டு திங்களிலும் அமர்ந்து வாசித்ததை யான் கண்டது அம்மண்டபத்தில் ஒருமுறையே, அங்கும் எழுப்பிவிட்டார்கள்.

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம். நம் ஆண்டுவிழாவுக்கும் மேளம் வருகின்றது, இல்லையென்பார் இலர். எங்கே வருகின்றது? வாயிலுக்கு. சிறப்பு விருந்தினர் ஊர்தியை விட்டிறங்கி அரங்கினுள் நுழையும் வரை, இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, பின்னே நடந்துகொண்டு வாசிப்பர். விருந்தினர் உள்ளே சென்றதும் கதவு சாத்தப்படும். மேளக்காரர்கள் வெளியே நிற்பர். உள்ளே மேடையில் பியானோவும் பாடகர் குழுவும் நான்கு குரலில் பாடும். அக்குழுவில் யானும் ஒருவன், அதனை மனமார நேசிப்பவன். சொற்பொழிவாளர் தமிழரின் தொன்மையைப் பற்றிப் பேசுவார், நாம் கைதட்டுவோம். யாழும் முழவும் இருந்த நாட்டின் பெருமை உள்ளே பேசப்படுகையில், இன்றும் உயிரோடிருக்கும் பல்லியம் கதவுக்கு வெளியே நிற்கின்றது. முதலாம் ஆண்டில் அக்கதவைச் சாத்தும் பணி எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. செவ்வனே சாத்தினேன்.

வருகின்ற ஆண்டுவிழாவில் அரைமணி நேரம் மேளத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று கேட்கின்றேன். நாயனம் மூடிய அரங்குக்கு ஏற்றதன்று, ஓசை மிகும் என்று சிலர் மறுக்கலாம். உண்மையே. வெட்டவெளியில் பிறந்த கருவி அது. ஆகலின் நூலகத்துக்கு முன்னுள்ள மரநிழலில் வைப்போம், மாலை ஐந்து மணிக்கு வைப்போம், ஒலிபெருக்கி வேண்டா. பாயோ மேடையோ இட்டு அவர்களை அமரச்செய்து, நாம் எதிரே அமர்வோம். பறை வாசிப்போரையும் அழைப்போம். அவர்கள் அமரும் இடம் மேளக்காரர்கள் அமரும் இடத்துக்கு ஒரு விரற்கடையும் பின்னாக இருத்தல் கூடாது. எல்லாருக்கும் ஒரே வகைக் குவளையில் தேநீர் கொடுப்போம். சொற்பொழிவாளருக்கு அளிக்கும் அளவு சன்மானம் இவர்களுக்கும் அளித்தல் தகும். சொற்பொழிவாளர் தம் பேச்சுக்காக எத்தனை ஆண்டு பயின்றார் என்பதை அறியேன், முதியவர் பயின்றது தம் ஒன்பதாம் வயதிலிருந்து. மாணவர் அரைமணி அமைதியாய் இரார் என்பதே பேராசிரியர் சிலருடைய அச்சம். விசைத்தறி ஓசையில் வளர்ந்த யான் இரண்டு திங்களிற் கேட்கக் கற்றுக்கொண்டேன். மற்றவர்க்கு அரைமணி ஆகாதோ?

ஆவணி இறுதியில், கல்லூரிக்குத் திரும்புமுன், விடைபெறுவதற்காக முதியவர் கடைக்குச் சென்றேன். அவர் ஒருவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தார். தாளம் போடும் பேரன் பலகையில் அமர்ந்து பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தான். பள்ளி முடிந்தபின் என்ன செய்யப்போகின்றாய், நாயனம் கற்பாயா என்றேன். அவன் பாட்டனாரைப் பார்த்தான்; பாட்டனார் கண்ணாடியைப் பார்த்தார். “தெரியலைண்ணா” என்றான் பையன். சிறிதுநேரம் கழித்து, “உங்க காலேஜ்ல எங்களை வாசிக்கக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டான்.

கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். முதியவர் கத்தியை நிறுத்தி, “உள்ள வாசிக்கவா, கேட்டுலயா?” என்றார். உள்ளேதான் என்றேன். அவர்களுடைய கைப்பேசி எண் என்னிடத்தில் உள்ளது. விழாக் குழுவினர் கேட்கும் நாளில் கொடுப்பேன்; முகூர்த்த நாட்களில் அவர்கள் கிடைப்பது அரிது, ஆதலின் சற்று முன்னரே கேட்கவேண்டும்.